ஊரிலிருந்து வந்த பெரியவர்களைப் பறவை பார்க்க எங்கே கூட்டிப் போவது? அபாப்காவா, பிளாக் பாயிண்ட்டா, வெட்லேண்ட்ஸ் பார்க்கா

நவம்பர் பிறந்துவிட்டால் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிடும். "அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. டிஸ்னி ஒரு நாளே போதும்னுட்டாங்க, நடக்க முடியல. கார்ல உட்கார்ந்தபடியே முதலை, பறவையெல்லாம் பார்க்கலாமாமே, எங்க போறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் குடியிருப்பவர்கள், இல்லையென்றால் அட்லாண்டாவிலிருந்தோ வட கரோலினாவிலிருந்தோ ஒரு வாரம் தங்கத் தெற்கே இறங்கி வருபவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்லாண்டோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: அபாப்கா ஏரியின் வடகரையில் உள்ள வைல்ட்லைஃப் டிரைவ், மெரிட் தீவின் பிளாக் பாயிண்ட் வைல்ட்லைஃப் டிரைவ், கிறிஸ்மஸ் என்ற சிற்றூரை ஒட்டிய ஆர்லாண்டோ வெட்லேண்ட்ஸ் பார்க். மூன்றாவதில் காரை உள்ளே விடமாட்டார்கள். அப்படியும் அதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மூன்றுமே பார்ப்பதற்கு ஆதிகாலத்திலிருந்து அப்படியே கிடக்கும் சதுப்பு போலத்தான் இருக்கும். ஆனால் முதலாவது அரை நூற்றாண்டு காய்கறித் தோட்டமாக இருந்தது. இரண்டாவது கொசுவை ஒழிக்க அணைகட்டித் தேக்கிய இடம். மூன்றாவது மாட்டு மேய்ச்சல் நிலம். மூன்றையும் மனிதர்கள்தான் மாற்றினார்கள், பிறகு மனிதர்களே ஈரநிலமாகச் சீர்செய்தார்கள். இது தெரியாமல் போனாலும் பறவை பறவைதான். தெரிந்துகொண்டு போனால் காருக்குள் பேச விஷயம் இருக்கும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

எத்தனை வகைப் பறவை என்ற எண்ணிக்கையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போடுகிறவர்களுக்கு அது முக்கியம். எழுபது வயது மாமனாருக்கு நாற்பது வகையும் அறுபது வகையும் ஒன்றுதான். நான் பார்ப்பது வேறு.

முதலில் முழங்கால். காரை விட்டு இறங்காமலே எவ்வளவு பார்க்க முடியும்?

இரண்டாவது, வெளிப்படையாகவே சொல்கிறேன், கழிப்பறை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். ஒருவழிப் பாதையில் மாட்டிக்கொண்டால் திரும்பவும் முடியாது.

மூன்றாவது கிழமை. இதைப் பார்க்காமல் போய் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். நாங்களே முதல் தடவை அபாப்காவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்றோம். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, புளிசாதத்தைக் காரிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். தப்பு எங்களுடையதுதான், நாள் எல்லாம் அவர்கள் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள்.

நான்காவது மாதம். நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும், வெயில் தாங்கும், கொசு குறைவு. ஜூலையில் வந்தவர்களுக்கு என் பதிலே வேறு.

கடைசியாக, வண்டி ஓட்டுகிறவரின் பொறுமை. மணிக்கு 10 மைல் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்ட முடியாத மனிதர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

## அபாப்கா ஏரி வைல்ட்லைஃப் டிரைவ்

ஆர்லாண்டோவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 15 மைல். 11 மைல் நீளமுள்ள ஒருவழிப் பாதை, பெரும்பகுதி தார் போடாதது, சுண்ணாம்புக்கல் பரப்பியது. கட்டணம் கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறு, அதோடு ஃபெடரல் விடுமுறை நாள்களில் மட்டும் கார்களை விடுவார்கள். காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை நுழையலாம், மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். நுழைவு லஸ்ட் ரோட்டில். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதைச் சிரித்துவிட்டுத் திரும்புங்கள், அடுத்து வரும் கேட்தான்.

உள்ளே போனதும் பாதை கரைமேல் ஏறிவிடும். இரண்டு பக்கமும் தண்ணீர், கோரை, சம்பு. டெல்டாக்காரர்களுக்கு வாய்க்கால் கரையில் போகிற மாதிரியே இருக்கும். வாய்க்காலில் கிடப்பது மட்டும் ஆறடி, எட்டடி அலிகேட்டர். குளிர்காலத்தில் வெயில் ஏறினதும் அவை கரையேறிப் படுத்துக்கொள்ளும். சன்னலிலிருந்து கைக்கெட்டும் தூரம் போலத் தோன்றும், கையை நீட்டிப் பார்க்காதீர்கள். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காய வைத்தபடி நிற்கும். கம்பத்து உச்சியில் விராலடிப்பான் மீனைக் கிழித்துக்கொண்டிருக்கும். வக்கா புதருக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு தூங்கும். லிம்ப்கின் என்று ஒரு பழுப்புப் பறவை, நத்தை தின்னி, யாரோ அழுவது போலக் கத்தும். சன்னலை இறக்கி வைத்தால்தான் அது காதில் விழும். ஏசி போட்டு மூடிக்கொண்டு போகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள்.

போன தடவை அம்மா திடீரென்று என் தோளைத் தட்டினாள். "ஏண்டி, அது நம்மூரு ஏரியில கோரைக்குள்ள ஓடுமே, அந்தக் கோழில்ல?"

ஆமாம், அதேதான். நீலத்தாழைக்கோழி. நீல உடம்பு, சிவந்த காலும் அலகும். இது இந்த மண்ணின் பறவை இல்லை. 1990களில் தெற்கு ஃபுளோரிடாவில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிப் பெருகியது. இதைப் போலவே இருக்கும் உள்ளூர்ப் பறவை ஒன்றும் அங்கே உண்டு, அதற்குக் கால் மஞ்சள், உருவம் கொஞ்சம் சிறிசு. இரண்டும் ஒரே தாமரை இலைக் கூட்டத்தில் மேய்வதைப் பார்க்கும்போது காலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்து, விசா வாங்கி, பதினேழு மணி நேரம் பறந்து வந்த அம்மாவுக்கு முதலில் கண்ணில் பட்ட தெரிந்த முகம் இந்தக் கோழி.

அதற்கு அடுத்த கேள்விதான் எனக்கு மறக்காமல் நிற்கிறது. நீர் வற்றிய ஒரு துண்டைக் காட்டிக் கேட்டாள். "மண்ணு இவ்வளவு கருப்பா இருக்கே, வெதச்சா அப்படியே பொங்கிக்கிட்டு வருமே. ஏன் இப்படித் தரிசா விட்டு வச்சிருக்கானுவோ?"

தரிசாக விடுவதற்காக ஏறத்தாழ 10 கோடி டாலர் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை.

கதை இதுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்கடியில் செடிகொடி மக்கிச் சேர்ந்த மண் அது. இங்கே அதற்கு 'மக்' என்று பெயர், நம் 'மக்கிய' என்பதோடு ஒத்துப்போவது தற்செயல். 1940களில் வடகரையில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் சதுப்பைக் கரைகட்டி வடித்து விவசாயம் தொடங்கினார்கள். கேரட், கீரை, மக்காச்சோளம். அருகிலுள்ள ஜெல்வுட் ஊரின் சோளத்துக்குத் தனி மவுசு. ஆனால் இந்த மண் காற்றுப்பட்டால் கரைந்து போகிற மண். தண்ணீர் இல்லாமல் கிடந்தால் உளுத்து, வருடா வருடம் அமுங்கிக்கொண்டே வரும். வயல் ஏரியின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. மழைத் தண்ணீரை பம்ப் வைத்து ஏரிக்குள் தள்ள வேண்டியதாயிற்று. தண்ணீரோடு உரமும் போனது. தெளிந்த தண்ணீரும் பாஸ் மீனும் என்று நாடெங்கும் பேர்வாங்கி, கரையெல்லாம் மீன்பிடி முகாம்கள் இருந்த ஏரி, பாஸ்பரஸ் ஏறிப் பாசி பிடித்துப் பச்சைக் குழம்பாகிவிட்டது. 1980இல் கரையோரம் இருந்த பூச்சிமருந்து ஆலையிலிருந்து மருந்து கசிந்து கலந்தது. அதற்குப் பிறகு முதலைக் குஞ்சுகளின் எண்ணிக்கை சரிந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் கில்லெட் என்ற ஆய்வாளர் இந்த ஏரியின் முதலைகளை வைத்துத்தான், பூச்சிமருந்துகள் உடலின் ஹார்மோனையே குழப்பிவிடும் என்று உலகுக்குக் காட்டினார்.

1996இல் மாநிலம் சட்டம் போட்டு நிலங்களை வாங்கியது. 1998இல் விவசாயம் நின்றது. வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. அந்தக் குளிர்காலத்திலேயே 600க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து மிதந்தன, பெரும்பாலானவை வெள்ளைக் கூழைக்கடாக்கள். மண்ணில் பழைய மருந்து அப்படியே கிடந்திருக்கிறது, அது மீனுக்குள் போய், மீன் பறவைக்குள் போயிற்று. மறுபடி தண்ணீரை வடித்துவிட்டு, மேல்மண்ணை ஆழத்தில் புரட்டிப் போடும் உழவெல்லாம் உழுது, பல ஆண்டுகள் பொறுத்து, பகுதி பகுதியாகத்தான் திரும்ப நனைத்தார்கள். செயின்ட் ஜான்ஸ் நதி நீர் மேலாண்மை வாரியம் 2015 மே மாதம் இந்தப் பாதையைக் காருக்குத் திறந்தது. இன்றைக்கு 360க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

பணம் நிலக்காரர்களுக்குப் போயிற்று. வயலில் வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஹெய்ட்டிக்காரர், மெக்சிகோக்காரர், வேலையிழந்து நின்றார்கள். அதே மருந்தைப் பல ஆண்டு சுவாசித்தவர்கள் அவர்கள். பறவைகளின் சாவைப் பற்றி நடந்த ஆய்வில் கால்வாசிகூடத் தங்களைப் பற்றி நடக்கவில்லை என்பது அவர்களுடைய மனக்குறை. இறந்துபோன தோழர்களுக்காக அவர்கள் துணித்துண்டுகளைத் தைத்து நினைவுப் போர்வைகள் செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவள் நடவுக்கூலி வாங்கியவர்களைப் பற்றி யோசித்திருக்க வேண்டும், "கூலிக்காரனுக்கு எந்த ஊர்ல என்ன குடுத்துருக்கானுவோ" என்று மட்டும் சொன்னாள். பாதையில் ஒரு பழைய பம்ப் ஹவுஸ் நிற்கிறது. அங்கே இறங்கி ஐந்து நிமிடம் காலாற நிற்கலாம்.

சங்கடங்கள்? இருக்கின்றன. 11 மைல் என்பது 18 கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். நிதானமாகப் பார்த்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். நடுவில் ஓரிரு இடங்களில் பிளாஸ்டிக் கூண்டுக் கழிப்பறை உண்டு, அவ்வளவுதான். பாதியில் வேண்டாம் என்று திரும்ப வழியில்லை. ஞாயிறு காலையில் முன்னால் ஒரு புகைப்படக்காரர் பீரங்கி மாதிரி லென்ஸை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டால், ஒதுங்கிப் போக இடம் வரும்வரை பின்னால் பத்து கார் காத்திருக்கும். என் கணவர் அப்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவார். அம்மா அவரைச் சமாதானப்படுத்துவாள். "இருக்கட்டும் மாப்ள, அவரும் பாவம், எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தாரோ."

## பிளாக் பாயிண்ட் வைல்ட்லைஃப் டிரைவ்

இது கிழக்குக் கடற்கரை. டைட்டஸ்வில் ஊரைத் தாண்டிப் பாலம் ஏறினால் மெரிட் தீவு தேசிய வனவிலங்குப் புகலிடம், 1963இல் அமைந்தது. நிலம் நாசாவுடையது. ராக்கெட் தளத்தைச் சுற்றி யாரும் குடியிருக்கக் கூடாது என்று ஒதுக்கியதில் பறவைகளுக்குக் கிடைத்த வாழ்வு. பாதை 7 மைல், ஒருவழிதான், ஆனால் சுற்றி வந்து ஏறின சாலைக்கே அருகில் விடும். வாரம் முழுவதும் திறந்திருக்கும், காருக்கு 10 டாலர். தேசியப் பூங்கா வருடாந்தரப் பாஸ் இருந்தால் தனியாகக் கட்ட வேண்டாம்.

அபாப்காவில் தண்ணீர் நன்னீர், இங்கே உவர். அதனால் கூட்டமே வேறு. ஜனவரியில் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். அதில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் உண்டு. அதே இனங்கள்தான் குளிர்காலத்தில் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கமும் வருகின்றன, அங்கே வருபவை சைபீரியா பக்கமிருந்து, இங்கே வருபவை கனடா பக்கமிருந்து. இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டிச் சேற்றைச் சலிக்கும். செங்கழுத்துக் கொக்கு ஒன்று இருக்கிறது, மீனைப் பிடிக்க அது குடித்தவன் மாதிரி ஓடி, சிறகை விரித்து, சுற்றி ஆடுவதைப் பார்த்து என் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். பின்னணியில் ராக்கெட் பூட்டும் பிரம்மாண்டக் கட்டடம் தண்ணீருக்கு அப்பால் வெள்ளைப் பெட்டி போலத் தெரியும்.

இங்கேயும் ஒரு துக்கக் கதை உண்டு. உவர்நிலக் கொசு நின்ற தண்ணீரில் முட்டையிடாது, ஈர மண்ணில்தான் இடும். மண்ணே தெரியாமல் தண்ணீரைத் தேக்கிவிட்டால் கொசு இல்லை. இந்தக் கணக்கில் 1950களிலும் 60களிலும் சதுப்பைச் சுற்றிக் கரைகட்டி மூழ்கடித்தார்கள். கொசு குறைந்தது. கூடவே, அந்தப் புல்வெளியில் மட்டுமே கூடு கட்டிய ஒரு கறுத்த சிட்டுக்குருவி இனமும் போயிற்று. டஸ்கி கடலோரச் சிட்டு என்பார்கள். கடைசிக் குருவி, காலில் ஆரஞ்சு வளையம் மாட்டிய கிழட்டு ஆண், 1987 ஜூனில் செத்தது. எங்கே தெரியுமா? டிஸ்னி வேர்ல்டுக்குள் இருந்த ஒரு தீவில், கூண்டில். நாம் இங்கே வருகிறவர்களை முதல் நாள் அழைத்துப்போவது அதே டிஸ்னிக்குத்தான். பிறகு பல கரைகளை உடைத்தும் குழாய் பதித்தும் சதுப்பைக் காயலோடு மறுபடி சேர்த்து வருகிறார்கள். குருவி மட்டும் வரப்போவதில்லை.

சங்கடங்கள்: ராக்கெட் ஏவும் நாள்களில் போக்குவரத்தும் தடைகளும் எப்போது எப்படி என்று சொல்ல முடியாது. பராமரிப்புக்காகப் பாதையையே மூடுவதும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். கோடையில் போகவே போகாதீர்கள். கொசுவை ஒழிக்கக் கட்டிய இடம் என்று சொன்னேன் அல்லவா, முழுக்க ஒழியவில்லை.

நல்லது என்னவென்றால் நேரம். முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். நடுவழியில் நிறுத்துமிடத்தில் கழிப்பறை இருக்கிறது. பொறுமையில்லாத ஓட்டுநருக்கும் ஒன்றுக்குப் போகும் தாத்தாவுக்கும் ஒரே நேரத்தில் தோதான இடம். முடித்துவிட்டுப் பக்கத்திலேயே ஹாலோவர் கால்வாயில் கடல்பசு தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கலாம்.

## ஆர்லாண்டோ வெட்லேண்ட்ஸ் பார்க்

காரை வாசலில் நிறுத்திவிட வேண்டும். உள்ளே நடை, சைக்கிள், இல்லையென்றால் தன்னார்வலர்கள் ஓட்டும் டிராம். டிராம் பொதுவாக வெள்ளி, சனி காலைகளில் ஓடும், காசு கிடையாது. அந்த டிராமுக்காகத்தான் இதைச் சேர்த்தேன். ஓட்டுகிறவரே விளக்கிக்கொண்டு வருவார், கார் ஓட்டுகிற நம் பிள்ளைக்கும் அன்றைக்கு மட்டும் இரண்டு பக்கமும் பார்க்கக் கிடைக்கும். டிரைவ்களில் மிகவும் குறைவாகப் பார்க்கிறவர் ஓட்டுநர்தான் என்பதை யாரும் கணக்கிடுவதில்லை.

ஆர்லாண்டோ நகராட்சி 1987இல் தொடங்கியது, 1,650 ஏக்கர். நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து, கடைசிக் கட்டமாக இந்தச் செயற்கைச் சதுப்புக்குள் விடுகிறார்கள். ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மெதுவாக இறங்கி, சம்பும் கோரையும் மிச்சமிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொள்ள, வாரக்கணக்கில் நகர்ந்து முடிவில் செயின்ட் ஜான்ஸ் நதியில் சேர்கிறது.

"சாக்கடைத் தண்ணியா? அங்கயா கூட்டிப் போறே?" என்றார் மாமனார். போய்ப் பார்த்தால் வாடை ஏதுமில்லை. பிப்ரவரி, மார்ச்சில் போனால் மரத்தீவுகளில் நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டிக் கூச்சலிடும். வேடந்தாங்கல் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானதுதான். ஆனால் டிராம் இல்லாத நாளில் முழங்கால் வலிக்காரரை இங்கே கூட்டிப் போனால் வாசலோடு திரும்ப வேண்டும், நிழலும் அதிகமில்லை.

## ஒரே பார்வையில்

| | அபாப்கா | பிளாக் பாயிண்ட் | ஆர்லாண்டோ வெட்லேண்ட்ஸ் |
|---|---|---|---|
| பாதை | 11 மைல், ஒருவழி | 7 மைல், ஒருவழிச் சுற்று | காருக்கு இல்லை. நடை, சைக்கிள், டிராம் |
| கட்டணம் | இல்லை | காருக்கு 10 டாலர் | இல்லை |
| நாள் | வெள்ளி முதல் ஞாயிறு, ஃபெடரல் விடுமுறை | எல்லா நாளும் | எல்லா நாளும். டிராம் வெள்ளி, சனி |
| உள்ளே ஆகும் நேரம் | 2 முதல் 2.5 மணி | 45 நிமிடம் முதல் 1.5 மணி | நடப்பதைப் பொறுத்தது |
| இறங்காமல் பார்க்க | மிக நன்று | நன்று | டிராம் இருந்தால் மட்டும் |
| முதலை | கண்டிப்பாக | பெரும்பாலும் | பெரும்பாலும் |
| நல்ல மாதம் | நவம்பர் முதல் ஏப்ரல் | டிசம்பர் முதல் பிப்ரவரி | பிப்ரவரி முதல் ஏப்ரல் |

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

இலவசம் என்றால் இலவசம் இல்லை. அபாப்காவுக்கு 429ஆம் எண் சாலை, டைட்டஸ்வில்லுக்கு 528ஆம் எண் சாலை, இரண்டும் டோல் சாலைகள். வாடகைக் காரில் போனால் டோல் காசைவிட, டோல் வசூலிக்கும் வசதிக்கென்று நாளுக்கு இவ்வளவு என்று போடுவது கூடுதலாக இருக்கும். ஆர்லாண்டோ விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் அங்கேயே சுற்றுலாப் பயணிக்கான இலவச டோல் பாஸை வாங்கிக் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அதே வாடகைக் கார் ஒப்பந்தத்தில், தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். இரண்டு டிரைவிலும் பெரும்பகுதி தார் இல்லாத பாதைதான். படித்துவிட்டுப் போவது நல்லது. சொந்தக் கார் என்றால் வெள்ளைப் புழுதிக்கு ஒரு கழுவல். மே, செப்டம்பர் மாதங்களில் லவ்பக் என்ற பூச்சி ஜோடி ஜோடியாகப் பறந்து முகப்பில் அப்பிக்கொள்ளும், அன்றைக்கே கழுவாவிட்டால் பெயிண்ட் போய்விடும்.

உள்ளே கடை எதுவுமில்லை. தண்ணீர், சிற்றுண்டி கையோடு. எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் மிச்சத்தை வெளியே எறிந்துவிடாதீர்கள். ஃபுளோரிடாவில் அலிகேட்டருக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். காக்கைக்கு வைத்துப் பழகிய கை, சன்னலுக்கு வெளியே தானாக நீளும், கவனம்.

பெரியவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். நிறைய கார்களில் பின் சன்னல் முழுசாக இறங்காது, கறுப்புக் கண்ணாடியாகவும் இருக்கும். பின்னால் உட்கார்ந்த அம்மா முதல் முறை பாதி நேரம் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், கதவைத் திறக்காதீர்கள். பறவைகள் காரைக் கண்டு பயப்படுவதில்லை, காரிலிருந்து இறங்கும் ஆளைக் கண்டால் எழும்பிவிடும்.

## யாருக்கு எது

முதல் முறை வருகிற பெற்றோர், நடக்க முடியாது, வெள்ளிக்கிழமை லீவு போட முடியும்: அபாப்கா. யோசிக்கவே வேண்டாம். சனி, ஞாயிறைவிட வெள்ளி காலையில் வண்டிகள் பாதிதான் இருக்கும். கார் சீட்டில் தூங்கிவிடும் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் இதுதான், 10 மைல் வேகத்தில் எந்தக் குழந்தையும் தூங்கும். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் என்றால் மண்ணைக் காட்டிக் கதையைச் சொல்லுங்கள், பறவையை மறந்துவிடுவார்கள்.

திங்கள் முதல் வியாழனுக்குள்தான் நேரம் கிடைக்கிறது, அல்லது அடிக்கடி கழிப்பறை தேவை, அல்லது ஓட்டுகிறவருக்குப் பொறுமை மூன்று பாட்டு அளவுதான்: பிளாக் பாயிண்ட். எப்படியும் கென்னடி விண்வெளி மையம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மறுநாளைக்கு வைக்காதீர்கள், அதே நாள் விடிகாலையில் இதை முடித்துவிட்டு அங்கே போய்விடலாம்.

ஆர்லாண்டோ வெட்லேண்ட்ஸ், இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு. நடக்கத் தெம்பிருக்கும் அப்பா, அல்லது பள்ளிக்கூடத்தில் தண்ணீர் சுத்திகரிப்பைப் பற்றிப் படிக்கிற பிள்ளை இருந்தால் முதல் முறையே போகலாம். டிராம் ஓடுகிறதா என்று அன்றைக்குக் காலையிலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும்தான் இருப்பார்கள் என்றால், அபாப்காவுக்கு 7 மணிக்கு கேட் திறக்கும்போதே நுழைந்து ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். வலசைப் பறவைகள் இருக்காது. தாமரை பூத்திருக்கும், மஞ்சள் கால் நீலக்கோழி குஞ்சுகளோடு இலைமேல் நடக்கும், பெண் முதலைகள் கூட்டுக்குக் காவல் இருக்கும். மத்தியான இடி மழை இறங்குவதற்கு முன் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

ஏர்போட் என்ற படகில் போகலாமா என்றும் கேட்கிறார்கள். விசிறி வைத்த தட்டைப்படகில் காதை அடைக்கிற சத்தம். பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மாமனார் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.